40 பிள்ளைகள், 3 பந்துகள்: உடற்கல்விப் பாடவேளையைத் திட்டமிடும் முறை

கோ-கோ விதிப்படி ஒரு நேரத்தில் களத்தில் இருப்பவர்கள் 12 பேர். துரத்தும் அணியின் 9 பேரில் 8 பேர் சதுரங்களில் அமர்ந்திருக்க, ஒருவர் மட்டுமே எதிரணியின் 3 பேரைத் துரத்துவார். ஆகவே 40 பிள்ளைகள் உள்ள வகுப்பை மைதானத்துக்கு அழைத்துச் சென்று முறைப்படி கோ-கோ ஆடவிட்டால், எந்த நொடியில் எண்ணினாலும் 4 பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள், 8 பேர் உட்கார்ந்திருப்பார்கள், மீதி 28 பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். கைப்பந்தில் 12 பேர், கபடியில் 14 பேர் என்று எண்ணிக்கை சற்று மாறினாலும் நிலைமை மாறுவதில்லை. போட்டிக்காக வகுக்கப்பட்ட விதிகளை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவருவதுதான் நம் பள்ளிகளின் உடற்கல்விப் பாடவேளையில் நான் காணும் முதற்குறை.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சிகள் அதில் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாரத்துக்கு ஓரிரு பாடவேளைகளால் இதை ஈடுகட்ட முடியாது. ஆனால் மாலையில் டியூஷன், இரவில் கைப்பேசி என்று நாள் கழியும் பிள்ளைக்கு அந்தப் பாடவேளையை விட்டால் வேறு வாய்ப்பே இல்லை. எனவே ஒவ்வொரு பிள்ளையும் பாடவேளையின் பாதி நேரமாவது உண்மையில் இயங்கியிருக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்துக்கொண்டு திட்டமிடுவதே சரி. பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டியில் வாங்கும் கோப்பை மகிழ்ச்சிக்குரியதுதான் என்றாலும், அணிப் பயிற்சிக்குப் பள்ளி முடிந்த பிறகான நேரம் இருக்கிறது. பாடவேளை முழு வகுப்புக்கும் உரியது.

பாடவேளை 40 நிமிடம் என்றால், வகுப்பறையிலிருந்து வருவதற்கும், வரிசையில் நிற்பதற்கும், வருகைப்பதிவுக்கும், பந்து வைத்திருக்கும் அறையின் சாவியைத் தேடுவதற்குமே கால் பங்கு போய்விடுகிறது. இதைத் தவிர்க்க, காலையிலேயே சுண்ணாம்புப் பொடியால் கட்டங்களைப் போட்டு வைத்துவிடுங்கள். எல்லைக்கூம்புகள் இல்லாவிட்டால் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள் போதும். பருவத் தொடக்கத்திலேயே வகுப்பை ஐந்தைந்து பேராக 8 குழுக்களாகப் பிரித்து, குழுத் தலைவர் பொறுப்பை மாதந்தோறும் மாற்றி, உபகரணங்களைக் கொண்டுவருவதையும் திருப்பி வைப்பதையும் அவர்களிடம் ஒப்படைத்துவிடலாம். குழுக்களை ஆசிரியரே பிரிக்க வேண்டும். இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கடைசியில் எஞ்சி நிற்கும் பிள்ளைக்கு அந்த அவமானம் விளையாட்டின் மீதான வெறுப்பாகவே தங்கிவிடும்.

முதல் 6 நிமிடம் உடலைச் சூடேற்றுவதற்கு. அசையாமல் நின்று தசையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளை இறுதிக்கு வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் மெதுவோட்டம், பக்கவாட்டு நடை, கைச்சுழற்சி, ஓடிப் பிடித்தல் என்று அசைவுள்ளவற்றையே தர வேண்டும். வருகைப்பதிவை இந்த நேரத்திலேயே முடித்துவிடலாம்.

அடுத்த பகுதிதான் பாடவேளையின் உயிர்ப்பகுதி. மைதானத்தை 4 நிலையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 2 குழுக்களை நிறுத்தி, 6 நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்து இடம் மாற்ற வேண்டும். முதல் நிலையத்தில் இரண்டு மரங்களுக்கு இடையே கயிறு கட்டி, 5 பேருக்கு 5 பேர் எறிபந்து ஆடலாம். இரண்டாவதில் மீதமுள்ள 2 பந்துகளைக் கொண்டு, குழுவுக்கு ஒன்றாக, நடுவில் நிற்பவரிடம் சிக்காமல் பந்தைக் கைமாற்றும் ஆட்டம். மூன்றாவதில் ஸ்கிப்பிங், கடையில் நைலான் கயிறாக வாங்கி, சுமார் 2.5 மீட்டர் நீளத்துக்கு வெட்டி, முனைகளில் முடிச்சிட்டால் குறைந்த செலவில் ஆளுக்கொரு கயிறு கிடைத்துவிடும். குதிக்கும்போது எலும்பில் விழும் அதிர்வே அதை வலுப்படுத்துவதால், வளரும் வயதில் இதற்கு இணையான எளிய பயிற்சி குறைவு. நான்காவதில் உட்கார்ந்து எழுந்திருத்தல், திண்ணையிலோ பெஞ்சிலோ கைகளை ஊன்றித் தண்டால் எடுத்தல், முழங்கைகளை ஊன்றி உடலை நேராக நிறுத்துதல் ஆகியவை. இத்தகைய பயிற்சிகளால் உயரம் நின்றுவிடும் என்று பெற்றோர் சிலர் அஞ்சுவதுண்டு. சரியான முறையில், மேற்பார்வையுடன் செய்தால் வளர்ச்சிக்கு எந்தக் கேடும் இல்லை. ஆனால் 10 முதல் 14 வயதில், முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழேயோ குதிகாலிலோ தொடர்ந்து வலி என்று ஒரு பிள்ளை சொன்னால், வளரும் எலும்பின்மீது தசைநாரின் இழுப்பு அதிகமாக இருக்கலாம் என்பதால், குதிக்கும் பயிற்சிகளை நிறுத்தி மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

தெரிந்த ஆட்டங்களைக் கைவிட வேண்டியதில்லை, திருத்தினால் போதும். நொண்டியிலும் ஓடிப் பிடித்தலிலும் முதலில் ஆட்டமிழந்து உட்காருவது பெரும்பாலும் மெதுவாக ஓடும் பிள்ளைதான், அதாவது அதிகம் ஓட வேண்டிய பிள்ளை. பிடிபட்டவர் எல்லைக்கோட்டில் நின்று 10 முறை துள்ளிவிட்டு மீண்டும் ஆட்டத்தில் சேரலாம் என்று ஒரேயொரு விதியை மாற்றினால் இந்தக் குறை நீங்கும். கிளித்தட்டுக்கு இந்தத் திருத்தம்கூடப் பெரிதாகத் தேவையில்லை. மறிப்பவர்களும் கடப்பவர்களும் ஒருசேர இயங்கும் அந்த ஆட்டத்துக்குக் கோடு போட ஒரு பிடி சுண்ணாம்புப் பொடியைத் தவிர எதுவும் வேண்டாம். அது பள்ளிகளில் அருகிப்போனதற்கு எனக்கு ஒரு காரணமும் விளங்கவில்லை.

இருபாலரும் பயிலும் பள்ளியில், சொல்லாமல் விட்டால் மைதானத்தின் நடுப்பகுதியைப் பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். மாணவிகள் மரத்தடிக்கு ஒதுங்குவார்கள். நிலையங்களைச் சுழற்சியாக்கும்போது இந்தப் பங்கீடு தானாகவே சரியாகிறது. மாதவிடாய் நாட்களில் விளையாடக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. விளையாடுவதா, ஓய்வெடுப்பதா என்பதை அந்த மாணவியே தீர்மானிக்கட்டும். காரணம் கேட்காமல், நேரம் பார்ப்பது, புள்ளிகளைக் குறிப்பது போன்ற பொறுப்புகளில் ஒன்றைக் கொடுத்தால் அவர் எல்லார் முன்பும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வராது. சிறிது ஓடியதுமே மூச்சு வாங்கி நின்றுவிடும் மாணவியைச் சோம்பேறி என்று எண்ணிவிடக் கூடாது. 12 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது இரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளும்படி வீட்டாரிடம் தனியே சொல்லுங்கள்.

வெயிலைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்கவே கூடாது. கால அட்டவணை தயாராகும்போதே, நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெட்டவெளியில் பாடவேளை அமையாதபடி தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். 2 நிலையங்களுக்கு ஒருமுறை எல்லாரும் நீர் அருந்த வேண்டும். தாகம் எடுத்தவர்கள் மட்டும் என்று விட்டால் பாதிப்பேர் குடிக்க மாட்டார்கள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிழலில் அமர்த்தி, 1 லிட்டர் நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திராமல் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவற்றவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, இன்சுலின் எடுக்கும் நீரிழிவு ஆகியவை உள்ள பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி, உங்கள் கையில் மட்டும் வைத்திருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையை நிரந்தரமாக உட்கார வைப்பதை விட, மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை மைதானத்துக்குக் கொண்டுவரச் செய்வதே உதவும். இன்சுலின் எடுப்பவருக்காகக் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும்.

உடல்தகுதிச் சோதனைகளை ஜூனிலும் ஜனவரியிலும் நடத்தி, 600 மீட்டரை ஓடியோ நடந்தோ கடந்த நேரம், முன்குனிந்து எட்டும் தூரம் போன்றவற்றைப் பதியலாம். எடையையும் ஓட்ட நேரத்தையும் வகுப்பின் முன் உரக்கப் படிப்பது கொடுமை. ஒவ்வொருவரின் தாளையும் அவரவரிடம் கொடுத்து, பழைய அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். உடல்நிறைக் குறியீட்டில் 25 என்னும் வரம்பு பெரியவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு வயதையும் பாலினத்தையும் பொறுத்த அட்டவணைப்படிதான் பார்க்க வேண்டும். தவறு செய்தவரை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லும் பழக்கத்தையும் இத்துடன் விட்டுவிட வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது என்பது ஒருபுறமிருக்க, ஓட்டத்தைத் தண்டனையாக்கிய பிறகு அதையே விரும்பச் சொல்வதில் பொருளில்லை.

திட்டம் பலிக்கிறதா என்று அறிய, அன்று விளையாடாத மாணவர் ஒருவரிடம் நிறுத்துக்கடிகாரத்தைக் கொடுத்து, ஓட்டத்தில் முந்தாத, பிந்தாத நடுத்தரமான ஒரு பிள்ளையை, அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் கவனிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை இயங்கும்போது கடிகாரம் ஓட வேண்டும். நிற்கும்போது அதுவும் நிற்க வேண்டும். 40 நிமிடத்தில் 20-ஐத் தொட்டால் நன்று. தேர்வு நெருங்கும்போது கணக்குப் பாடத்துக்காக உங்கள் பாடவேளையைக் கேட்டு வருவார்கள் என்பது எல்லா ஆசிரியர் அறையிலும் தெரிந்த கதை. அப்போது எடுத்துக்காட்ட இந்தப் பதிவேடு உதவும். 20-ஐத் தொடாத நாளில் குறை பெரும்பாலும் ஏதேனும் ஒரு நிலையத்தின் வரிசையில் இருக்கும். அங்கே இன்னொரு பந்தோ கயிறோ சேர்த்து, வரிசையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.