'ஆல்' என்பதும் 'ஆல்தான்' என்பதும்: எல்சாட் தேர்வின் நிபந்தனைக் கேள்விகளை அணுகும் முறை

அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்காக எழுதப்படும் எல்சாட் தேர்விலிருந்து 2024 ஆகஸ்ட் மாதம் முதல் 'லாஜிக் கேம்ஸ்' என்னும் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டது. அதனுடன் நிபந்தனைத் தர்க்கமும் போய்விட்டது என்று எண்ணிப் பழைய பயிற்சி நூல்களில் அந்த அத்தியாயங்களைத் தள்ளிவிட வேண்டாம். மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படும் மூன்று பகுதிகளில் இரண்டு இப்போது சிறு வாதங்களை ஆராயச் சொல்லும் 'லாஜிக்கல் ரீசனிங்' பகுதிகளே. ஒவ்வொன்றிலும் 35 நிமிடங்களில் சுமார் 25 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும் என்பதால், 'இது நடந்தால் அது நடக்கும்' என்ற வகை வாக்கியத்தைப் பார்த்தவுடன் அதன் திசையை அறியும் பழக்கம் கைவந்திருக்க வேண்டும்.

திசை என்பதை நம் தர்க்க மரபின் பழைய எடுத்துக்காட்டாலேயே விளக்கலாம். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. இதை 'புகை → நெருப்பு' என்று எழுதுகிறோம். அம்பின் இடப்பக்கம் இருப்பது போதுமான நிபந்தனை; அது இருந்தாலே மற்றது உறுதி. வலப்பக்கம் இருப்பது தேவையான நிபந்தனை; அது இல்லாமல் மற்றது இருக்க முடியாது. இதிலிருந்து ஐயமின்றிக் கிடைக்கும் முடிவு ஒன்றே ஒன்று: நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை. இரு பக்கங்களையும் இடம் மாற்றி, இரண்டையும் மறுக்கும் இந்த மாற்றத்தைப் பயிற்சி வகுப்புகளில் 'கான்ட்ராபாசிட்டிவ்' என்பார்கள். மறுக்காமல் இடத்தை மட்டும் மாற்றி, 'நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு' என்றால் தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. இடத்தை மாற்றாமல் மறுப்பதும் அதே தவறுதான். அம்பு காரண காரியத்தைக் காட்டுவதில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். புகைக்குக் காரணம் நெருப்பாக இருந்தும், இடப்பக்கம் நிற்பது புகையே.

கேள்வியில் இருப்பது ஆங்கில வாக்கியம். அதை அம்பாக மாற்றும் இடத்தில்தான் பெரும்பாலான மதிப்பெண்கள் போகின்றன என்பது என் உறுதியான கருத்து. தமிழ் அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு நல்ல துணை இருக்கிறது. 'அழைத்தால் வருவேன்' என்ற வாக்கியம் 'அழைப்பு → வருகை' ஆகும். 'அழைத்தால்தான் வருவேன்' என்று ஒரு 'தான்' சேர்ந்தவுடன் அம்பு திரும்பி 'வருகை → அழைப்பு' ஆகிவிடுகிறது; அதாவது, நான் வந்திருந்தால் யாரோ அழைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் 'இஃப்' நம்முடைய 'ஆல்'. 'ஒன்லி இஃப்' நம்முடைய 'ஆல்தான்'. ஆகவே 'இஃப்' என்பதை அடுத்து வருவதை அம்பின் இடப்பக்கத்திலும், 'ஒன்லி இஃப்' என்பதை அடுத்து வருவதை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். அன்றாடப் பேச்சில் 'அழைத்தால்தான் வருவேன்' என்பவர், அழைத்தால் நிச்சயம் வருவார் என்றும் நாம் புரிந்துகொள்கிறோம். அந்தக் கூடுதல் பொருளைத் தேர்வு ஏற்பதில்லை. அழைத்த பிறகும் அவர் வராமல் இருக்கலாம்.

'அன்லெஸ்' என்ற சொல் பலரைத் தடுமாற வைக்கிறது. அதற்கு நம்மிடம் 'ஒழிய' இருக்கிறது. 'படித்தாலொழிய தேற முடியாது' என்றால் 'தேர்ச்சி → படிப்பு'. 'அன்லெஸ்' என்பதை அடுத்து வரும் பகுதியை வலப்பக்கம் வைத்து, மற்றப் பகுதியை மறுத்து இடப்பக்கம் வைத்தால் போதும். இன்னொரு கண்ணி 'தி ஒன்லி'. வெறும் 'ஒன்லி' என்பதை அடுத்து வருவது வலப்பக்கம் போகும். 'தி ஒன்லி' என்பதை அடுத்து வருவதோ இடப்பக்கம் போகும். 'தி ஒன்லி பெயிண்டிங்ஸ் தி மியூசியம் பைஸ் ஆர் சர்டிஃபைட் ஒன்ஸ்' என்ற ஆங்கில வாக்கியத்தை 'அருங்காட்சியகம் வாங்கும் ஓவியங்கள் எல்லாம் சான்று பெற்றவையே' என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அந்த அருங்காட்சியகத்தையே வைத்து ஒரு கேள்வியை முழுமையாகப் பார்ப்போம். நிபுணர் சான்று அளித்தால்தான் அருங்காட்சியகம் ஓர் ஓவியத்தை வாங்கும். விற்பவர் உரிமை ஆவணங்களை ஒப்படைத்தாலொழிய நிபுணர் சான்று அளிக்க மாட்டார். முதல் வாக்கியம் 'வாங்குதல் → சான்று'. இரண்டாவது 'சான்று → ஆவணம்'. நடுவில் உள்ள 'சான்று' பொதுவானது என்பதால் இரண்டும் இணைந்து 'வாங்குதல் → சான்று → ஆவணம்' என்ற சங்கிலி ஆகின்றன. எது கட்டாயம் உண்மை என்று கேட்டால், 'ஆவணம் ஒப்படைக்கப்படாத ஓவியத்தை அருங்காட்சியகம் வாங்காது' என்பதே விடை. சங்கிலியைப் பின்னோக்கி மறுத்துக்கொண்டு வந்தால் அது தானாகக் கிடைக்கும். 'ஆவணம் ஒப்படைத்தால் சான்று கிடைக்கும்' என்ற வாக்கியமும் விடைகளில் ஒன்றாக நிற்கலாம். அது திருப்பிய அம்பு.

இப்போது வாதத்தை மாற்றுவோம்: 'இந்த ஓவியத்துக்குச் சான்று கிடைத்துவிட்டது, எனவே அருங்காட்சியகம் இதை வாங்கும்.' வாதத்தின் பிழை என்ன என்று கேட்டால், தேவையான நிபந்தனை ஒன்றைப் போதுமானதாக எடுத்துக்கொண்டது என்று கூறும் விடையைத் தேடுங்கள். எல்சாட்டில் அடிக்கடி காணக்கூடிய பிழை இது. எந்த அனுமானத்தைச் சேர்த்தால் முடிவு உறுதிப்படும் என்று கேட்டால், விடுபட்ட 'சான்று → வாங்குதல்' என்ற அம்பு வேண்டும்; அது 'சான்று பெற்ற எந்த ஓவியத்தையும் அருங்காட்சியகம் வாங்காமல் விடுவதில்லை' என்று இரட்டை எதிர்மறையில் ஒளிந்து வரலாம். வாதத்துக்கு எந்த அனுமானம் அவசியம் என்று கேட்டால் வேலை வேறு: ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பாருங்கள். 'ஓவியத்தை வாங்க அருங்காட்சியகத்துக்கு முடியாத நிலை இல்லை' என்பதை மறுத்தால் முடிவு அப்போதே சரிகிறது; ஆகவே அது அவசியமானது. அது மட்டுமே முடிவை நிறுவப் போதாது என்பது இங்கே ஒரு குறையே அல்ல.

மறுக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 'சான்றும் நிதியும் இருந்தால்தான் வாங்கும்' என்பதைத் திருப்பி மறுத்தால், சான்றோ நிதியோ ஏதேனும் ஒன்று இல்லாவிட்டாலே வாங்காது என்று ஆகும். 'உம்' மறுக்கப்படும்போது 'ஓ' ஆகிறது, 'ஓ' மறுக்கப்படும்போது 'உம்' ஆகிறது. 'எல்லாம்' என்பதன் மறுப்பு 'எதுவும் இல்லை' அன்று; 'ஒன்றாவது அப்படி இல்லை' என்பதே. 'சில', 'பெரும்பாலான' என்று தொடங்கும் வாக்கியங்களைத் திருப்பி மறுக்கவே கூடாது.

எல்லாக் கேள்விக்கும் அம்பு வரையத் தேவையில்லை. ஆய்வு முடிவையோ காரணத்தையோ பேசும் வாதத்தில் அம்பைத் தேடினால் நேரம்தான் வீணாகும். நிபந்தனைச் சொற்கள் இரண்டு வாக்கியங்களிலாவது வந்து, அவற்றுக்குப் பொதுவான ஒரு சொல்லும் இருந்தால் தாளை எடுங்கள். தொடக்க வாரங்களில் கடிகாரம் இல்லாமலே பயிலுங்கள். தவறிய ஒவ்வொரு விடைக்கும் எந்த இணைப்புச் சொல்லில் அம்பு திரும்பியது என்பதை ஒரு வரியில் குறித்து வையுங்கள். ஒரே சொல் மூன்று முறை வந்துவிட்டால், மறுநாள் அந்தச் சொல் உள்ள பத்து வாக்கியங்களைத் தமிழில் சொல்லி, அம்பாக எழுதிய பிறகே புதிய கேள்விகளுக்குச் செல்லுங்கள்.