ஜேடன்: பெயருக்குப் பொருள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1990-களில் தலையெடுத்து, 2010-லும் 2011-லும் ஆண் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை சென்ற பெயர் ஜேடன். பெயர் அகராதிகள் பலவும் இதை எபிரேயப் பெயர் என்றும், ‘நன்றியுள்ளவன்’ என்பது அதன் பொருள் என்றும் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

இதற்குச் சான்றாகக் காட்டப்படுபவர், விவிலியத்தில் நெகேமியா 3:7-இல் எருசலேமின் மதிலைப் பழுதுபார்த்தவர்களுள் ஒருவராகப் பெயரளவில் மட்டும் வந்துபோகும் யாதோன் (ஆங்கிலத்தில் Jadon). அவருடைய பெயருக்கே ‘நியாயந்தீர்ப்பான்’ என்று வேறொரு பொருளும் கூறப்படுகிறது. ஆங்கில விவிலியத்தில் நூற்றாண்டுக்கணக்காக இடம்பெற்றிருந்தும் அமெரிக்கப் பெற்றோரிடையே பரவலாகாத ஒரு பெயரைப் பின்னாளில் வந்த பெயருக்கு மூலமாக்குவது, ஒலி ஒற்றுமையை வரலாறாகக் கொள்வதாகும்.

உண்மையில் ஜேடன் ஓசையை ஒட்டி உருவான பெயர். ஏற்கெனவே வழக்கில் இருந்த ‘ஜே’ என்ற தொடக்கத்தோடு எய்டன், ஹேடன், பிரேடன் ஆகியவற்றின் ஈற்றொலி சேர்ந்தது. இங்கேதான் இரண்டாவது தவறு நேர்கிறது: ஒலியில் உறவான பெயர்களின் பொருளை இதற்கும் ஏற்றிவிடுகிறார்கள். எய்டன் ‘நெருப்பு’ என்னும் பொருளுடைய அயர்லாந்துச் சொல்லின் வழிவந்தது. ஹேடன் வைக்கோற்புல் விளையும் பள்ளத்தாக்கையோ குன்றையோ குறித்த இங்கிலாந்து ஊர்ப்பெயர். பிரேடன் சால்மன் மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த அயர்லாந்துக் குடும்பப் பெயர். இவற்றுள் எதுவும் ஜேடனுக்குப் பொருந்தாது.

ஒரு பிரபலத்தின் பிள்ளையால்தான் பெயர் பிறந்தது என்பதும் பிழையே. நடிகர் வில் ஸ்மித்தின் மகன் ஜேடன் பிறந்தது 1998-இல். பெயரோ 1994-லேயே முதல் ஆயிரத்துக்குள் வந்துவிட்டது. அதே 1994-இல் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ஒரு பகுதியில், நினைவிழந்த டேட்டா என்ற மனித உருவ இயந்திரப் பாத்திரத்துக்கு ஒரு சிறுமி இப்பெயரைச் சூட்டுகிறாள். ரசிகர்கள் அதையே தொடக்கம் என்று சொல்ல விரும்பலாம். காலம் ஒத்துப்போவது மட்டும் காரணத்தை நிறுவிவிடாது.

எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழந்தைப் பெயர்ப் பட்டியலை வெளியிடும் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் தனிப்பெயராகவே கணக்கிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே ஒலிப்புடன் நான்கைந்து விதமாக எழுதப்படும் ஜேடனுக்கு ஒரு வடிவத்தின் இடத்தை மட்டும் வைத்துப் பெயரின் பரவலை அளந்தால், கணக்கு குறைந்தே வரும்.