ஃபால்ஸ் சீலிங் ஹாலஜனை எல்இடிக்கு மாற்றுவது எப்படி: பல்புக்கு முன்னால் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள்

ஹாலில் 50 வாட் ஹாலஜன் ஸ்பாட் லைட் எட்டு இருந்தால் மொத்தம் 400 வாட். தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால், இரண்டு மாத பில்லில் அவை மட்டும் 120 யூனிட். அதே வெளிச்சத்துக்கு 7 வாட் எல்இடி எட்டு போட்டால் சுமார் 17 யூனிட்தான் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டை அந்த எட்டு ஹாலஜன்களே தின்று தீர்த்துவிடுகின்றன. உங்கள் பில் 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிறதென்றால் இது இன்னும் முக்கியம். 500-ஐத் தாண்டிய பில்லில் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை போடுவார்கள்.

சென்னைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அந்த 400 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வந்து சேரும். ஒன்றரை டன் ஏசியின் குளிர்விக்கும் திறன் ஏறக்குறைய 5,200 வாட். அதில் 13-ல் ஒரு பங்கு, விளக்கு கக்கும் சூட்டை வெளியேற்றவே போய்விடுகிறது.

"பழசைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பை மாட்டுங்க, அவ்வளவுதான்" என்று கடையில் சொல்வார்கள். சில வீடுகளில் அது சரியாக வரும். பல வீடுகளில் பல்பு மின்னும், விட்டுவிட்டு எரியும், சீக்கிரம் போய்விடும். மக்கள் பிராண்டை மாற்றி மாற்றி வாங்கிப் பார்ப்பார்கள். கோளாறு பல்பில் இல்லை, 230 வோல்ட்டை 12 ஆக்கிக் கொடுக்க சீலிங்குக்கு மேலே கிடக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது.

கரண்ட்டை நிறுத்துங்கள், இன்வெர்ட்டரையும் சேர்த்து

லைட் சர்க்யூட்டின் எம்சிபியை இறக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஹால் விளக்குகள் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மெயினை இறக்கியதும் "கரண்ட் போச்சு" என்று எடுத்துக்கொண்டு இன்வெர்ட்டர் அதே வயருக்கு 230 வோல்ட் கொடுக்கும். எனவே முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள், அதன் பைபாஸ் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்றும் பாருங்கள், பிறகு மெயினை இறக்குங்கள்.

டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் வைத்து வயரைத் தொடாதீர்கள். மல்டிமீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளந்து பாருங்கள். இந்த மூன்று அளவையும் எப்படி எடுப்பது என்று தெரியாதவர்கள் வயர் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டு, எதை வாங்குவது, எதை மறுப்பது என்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். ஹாலஜன் எரிந்துகொண்டிருந்தால் கால் மணி நேரம் ஆறவிட்டு ஏணியில் ஏறுங்கள்.

உங்களிடம் இருப்பது எந்த வகை

பல்பைக் கழற்றி அதன் காலைப் பாருங்கள். 5.3 மி.மீ. இடைவெளியில் இரண்டு மெல்லிய பின் இருந்து, நேராக இழுத்தால் வந்துவிட்டால் அது 12 வோல்ட் எம்ஆர்16. 10 மி.மீ. இடைவெளியில் நுனி பருத்த இரண்டு கால் இருந்து, அழுத்தித் திருப்பினால்தான் வருகிறதென்றால் அது ஜியு10, நேரடி 230 வோல்ட்.

ஜியு10 என்றால் வேலை சுலபம். அதே காலுள்ள எல்இடி வாங்கி மாட்டினால் முடிந்தது. ஃபிட்டிங்கின் முன்பக்கம் மூடிய கண்ணாடி இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஹாலஜன் சூட்டைத் தாங்கும். எல்இடி பல்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் தாங்காது. கீழே வருவது முழுக்க எம்ஆர்16 வீடுகளுக்கு.

ட்ரான்ஸ்ஃபார்மர்: எல்லாச் சிக்கலும் இங்கேதான்

ஓட்டைக்குள் கைவிட்டால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும். எலெக்ட்ரீஷியன்கள் சிலர் இதையும் 'சோக்' என்றே சொல்வார்கள். அதன் லேபிளைப் படியுங்கள். 20–60 வாட், 35–105 வாட் என்று இரண்டு எண்கள் இருக்கும். எல்லாரும் பார்ப்பது பெரிய எண்ணை. எல்இடிக்கு முக்கியமானது சிறிய எண்.

இந்த எலெக்ட்ரானிக் ட்ரான்ஸ்ஃபார்மர், வெளியே இழுக்கப்படும் கரண்ட்டை வைத்துத்தான் தன் அலைவைத் தக்கவைத்துக்கொள்கிறது. 50 வாட் ஹாலஜன் இருந்தவரை அதற்குக் குறையில்லை. 7 வாட் எல்இடி மாட்டியதும் கரண்ட் போதாமல் அது நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். நம் கண்ணுக்கு அது மின்னலாகத் தெரிகிறது. அது தரும் 12 வோல்ட்டும் பேட்டரி மாதிரி டிசி அல்ல, நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் ஏசி. மலிவான எல்இடி பல்பின் உள்சர்க்யூட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரில் மூன்று விளக்கு இருந்தால், "மூணு ஏழு இருபத்தொண்ணு, 20-ஐத் தாண்டிடுச்சே" என்று தோன்றும். நம்பாதீர்கள். எல்இடி கரண்ட்டைச் சீராக இழுக்காது, துடிப்புத் துடிப்பாக இழுக்கும். இன்று எரிந்தாலும், ஒரு பல்பு போன அன்று மீதி இரண்டும் மின்னத் தொடங்கும்.

கையில் கனமாக, இரும்புக் கோர் உள்ள பழைய வகை ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்தால் எல்இடி பெரும்பாலும் எரியும். ஆனாலும் அதை வைத்திருக்க வேண்டாம். லோடு குறையும்போது அதன் வோல்டேஜ் 12-ஐத் தாண்டி ஏறும், விளக்கு எரியாதபோதும் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

எதைப் போடுவது

மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு, 12 வோல்ட் எல்இடிக்கான டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) வைத்து எம்ஆர்16 எல்இடி மாட்டலாம். ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு ஜியு10 ஹோல்டர் போடலாம். அல்லது ஃபிட்டிங்கையே கழற்றிவிட்டு, தனி டிரைவருடன் வரும் எல்இடி டவுன்லைட்டை முழுசாக மாட்டலாம்.

மூன்றாவதைத்தான் பரிந்துரைப்பேன், காரணம் எர்த். 12 வோல்ட் ஃபிட்டிங்குக்கு எர்த் தேவையில்லை என்பதால் அந்த உலோக வளையம் வரை எர்த் வயர் இழுத்திருக்க மாட்டார்கள். அதே வளையத்தில் ஜியு10 ஹோல்டர் மாட்டி 230 வோல்ட் கொடுத்தால், இன்சுலேஷன் பழுதாகும் நாளில் வளையம் முழுக்க ஷாக் அடிக்கும். ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து பல்பு வரை போகும் மெல்லிய வயரும் 230 வோல்ட்டுக்கு உரியது அல்ல. இரண்டாம் வழியைத்தான் எலெக்ட்ரீஷியன் சொல்கிறார் என்றால், எர்த்தும் 1.5 சதுர மி.மீ. புது வயரும் போடச் சொல்லுங்கள். பழைய 12 வோல்ட் ஹோல்டரை 230 வோல்ட் லைனில் விட்டுவைக்கக் கூடாது. பின்னொரு நாள் யாரோ அதில் 12 வோல்ட் பல்பை மாட்டினால் வெடிக்கும்.

முழு டவுன்லைட் வாங்கும்போது ஐசொலேட்டட் டிரைவர் என்று கேட்டு வாங்குங்கள். 230 வோல்ட் பக்கத்தையும் விளக்குப் பக்கத்தையும் அது தனித்தனியாகப் பிரித்து வைக்கும், அதனால் வளையம் வரை 230 வோல்ட் வராது. டிரைவரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிட்டிருக்க வேண்டும். உள்ளீட்டு வோல்டேஜ் 220–240 என்று குறுகலாக இருப்பதை விட 100–300 என்று அகலமாக இருப்பது நல்லது. கோடையில் மாலை நேர வோல்டேஜ் இறக்கத்தை அது தாங்கும். பாரிமுனை எலெக்ட்ரிகல் கடைகளிலும் ரிச்சி தெருவிலும் டிரைவர் தனியாகவே கிடைக்கிறது. அதனால் டிரைவர் உள்ளேயே ஒட்டி வரும் மாடலை விட வயரில் தொங்கும் தனி டிரைவர் மாடலே மேல். முதலில் போவது அநேகமாக டிரைவர்தான். அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஓட்டை அளவு

வெளி வளையத்தை அளக்காதீர்கள். ஃபிட்டிங்கை இறக்கிவிட்டு, சீலிங் ஓட்டையின் விட்டத்தையே அளங்கள். எம்ஆர்16-க்குப் பெரும்பாலும் 65 முதல் 75 மி.மீ. வரை இருக்கும். புது விளக்கின் பெட்டியில் 'கட்-அவுட்' என்று போட்டிருக்கும் அளவோடு அதை ஒப்பிடுங்கள். சீலிங்குக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சிஓபி வகை (எல்இடி சில்லுகளை ஒரே இடத்தில் நெருக்கி வைத்த) விளக்கின் ஹீட் சிங்க், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி, உயரமானது.

புது விளக்குக்கு ஓட்டை சின்னதாக இருந்தால் ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் ரம்பம்) போட வேண்டும். ஏற்கெனவே ஓட்டை இருப்பதால், நடு டிரில் பிட்டுக்குப் பிடிமானம் இல்லாமல் ஹோல் சா துள்ளி ஜிப்சத்தைக் கிழித்துவிடும். அதற்கு, ஒரு ப்ளைவுட் துண்டில் அதே ஹோல் சாவால் முதலில் ஓட்டை போடுங்கள். அதைச் சீலிங்கில் சரியான இடத்தில் ஒருவர் அழுத்திப் பிடிக்க, அந்த ஓட்டையையே வழியாக வைத்து வெட்டுங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். பிஓபி சீலிங் என்றால் மெதுவான வேகத்தில் வெட்டுங்கள், விரிசல் சட்டென்று ஓடும்.

மாட்டும் வரிசை

ஹாலஜன் சூட்டில் பழைய வயரின் நுனி காய்ந்து நொறுங்கும். மினுங்கும் செம்பு தெரியும் வரை வெட்டித் தள்ளுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போல கடலை ஒட்டிய வீடுகளில் நுனியில் பச்சை பூத்திருக்கும், அதையும் வெட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றுவதை நான் ஏற்க மாட்டேன். சீலிங்குக்கு மேலே உள்ள சூட்டில் டேப்பின் பசை இளகி விட்டுவிடும். லீவர் வைத்த கனெக்டர் போடுங்கள், விலை சில பத்து ரூபாய்தான்.

டிரைவரின் உள்ளீட்டுப் பக்கம் ஃபேஸ், நியூட்ரல் வயர்களை மாட்டுங்கள். அடுத்து வெளியீட்டுப் பக்கத்து ஜாக்கை விளக்கோடு சேருங்கள். மின்சாரம் கடைசியில்தான். டிரைவருக்குக் கரண்ட் கொடுத்துவிட்டுப் பிறகு விளக்கைச் சொருகினால், திறந்த வெளியீட்டில் ஏறி நிற்கும் வோல்டேஜ் மொத்தமாக எல்இடியில் பாயும். புது விளக்கு மாட்டிய நிமிடமே செத்துப்போவதற்கு இது ஒரு காரணம்.

டிரைவரை விளக்கின் முதுகில் வைக்காமல் ஓரடி தள்ளி வையுங்கள். மாடியில் கடைசித் தளத்தில் இருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். மே மாத வெயிலில் மொட்டை மாடிக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள காற்றே கொதிக்கும். பத்து டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மழையில் ஒழுகும் இடம் இருந்தால் முதலில் அந்த ஒழுகலை அடையுங்கள், விளக்கு வேலை பிறகு.

ஸ்பிரிங் கிளிப் இரண்டையும் மேல்நோக்கி மடக்கிப் பிடித்து உள்ளே தள்ளுங்கள். விரலை ஓட்டையின் விளிம்பில் வைக்காதீர்கள், கிளிப் பலமாக அடிக்கும்.

நிறமும் கோணமும்

கேட்காமல் விட்டால் கடைக்காரர் 6500 கெல்வின் வெள்ளையைத்தான் எடுத்துக் கொடுப்பார். ஹாலஜனின் மஞ்சள் ஒளிக்குப் பழகிய ஹால் அதில் ஆஸ்பத்திரி வராந்தாவாகிவிடும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையலறைக்கு 4000. சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90 கிடைத்தால் சமையலறைக்கும் கண்ணாடி முன்னாலும் போடுங்கள். புடவை நிறமும் காய்கறியின் வாட்டமும் சரியாகத் தெரியும்.

ஹாலஜன் ஸ்பாட்டின் கோணம் பெரும்பாலும் 36 டிகிரியை ஒட்டி இருக்கும். தட்டையான எல்இடி பேனலில் அது 110, 120. சுவரில் உள்ள படத்துக்கோ பூஜை அலமாரிக்கோ விழுந்த ஒளி பேனலில் காணாமல் போகும். அந்த இடங்களுக்கு 36 டிகிரி சிஓபி, பொது வெளிச்சத்துக்குப் பேனல் என்று கலந்து போடுங்கள். வாட்டை விட்டுவிட்டு வெளிச்சத்தின் அளவான லூமனைப் பாருங்கள்: 50 வாட் எம்ஆர்16-க்கு ஈடு 500 முதல் 600 லூமன்.

டிம்மர் இருந்தால்

ஹாலஜனுக்குப் போட்ட டிம்மருக்கும் குறைந்தபட்ச லோடு உண்டு. 400 வாட் இருந்த இடத்தில் 56 வாட் வந்ததும் அது தடுமாறும். டிம்மரை எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் போடுவதே நிம்மதி. டிம்மர் வேண்டும் என்றால் எல்இடிக்கான டிம்மரும் 'டிம்மபிள்' என்று எழுதிய டிரைவரும் சேர்த்து வாங்க வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரை விளக்குக்குப் போடாதீர்கள்.

பின்னால் சேர்த்தது: அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறதா

இரண்டு காரணங்கள். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியே கசியும் துளி கரண்ட்டே எல்இடிக்குப் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் தீரும். இரண்டாவது ஆபத்தானது: சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருப்பது. அப்படியென்றால் அணைத்த விளக்கிலும் 230 வோல்ட் நிற்கும். ஹாலஜன் காலத்தில் இது வெளியே தெரிந்திருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மின்வெட்டின்போது மட்டும் மின்னினால் அல்லது டிரைவர் இரைந்தால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள். அகல வோல்டேஜ் டிரைவர் சில சமயம் அதைச் சமாளிக்கும், சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை வராது.

வாங்கும்போதே அதே மாடலில் ஒரு விளக்கும் இரண்டு டிரைவரும் கூடுதலாக வாங்கி வையுங்கள். டிரைவர் லேபிளை, முக்கியமாக மில்லிஆம்பியர் எண்ணை, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 300 மில்லிஆம்பியர் விளக்குக்கு 300 டிரைவர்தான் போட வேண்டும். 600 போட்டால் சில வாரம் பளிச்சென்று எரிந்துவிட்டுப் போய்விடும்.