நாணயத்தில் குறி எது, குறை எது: சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய நாணயங்களைச் சேகரிக்கத் தொடங்குவோர் முதலில் தேடுவது, ஆண்டு எண்ணுக்குக் கீழே இருந்து, நாணயம் எந்தச் சாலையில் அச்சானது என்று காட்டும் சிறு குறியைத்தான் (மிண்ட் மார்க்). அண்மைக் கால நாணயங்களில் வைரக் குறி மும்பையையும், ஐந்து முனை நட்சத்திரம் ஐதராபாத்தையும், வட்டப் புள்ளி நொய்டாவையும் குறிக்கும். கொல்கத்தா நாணயச் சாலை குறி எதுவும் இடுவதில்லை. இதை அறியாதவர்களிடம்தான் சாதாரணக் கொல்கத்தா நாணயம் 'மிண்ட் மார்க் விடுபட்ட அரிய பிழை' என்று விலை போகிறது. தேய்ந்த நட்சத்திரத்தைப் புள்ளியாகப் படித்துவிடுவதும் உண்டு. நொய்டா சாலை 1988இல்தான் செயல்படத் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தைய ஆண்டு பொறித்த நாணயத்தில் தெரியும் புள்ளியை அதன் கணக்கில் சேர்க்கக் கூடாது. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் காணப்படும் 'எச்' என்ற ஆங்கில எழுத்து, அது பர்மிங்காமில் அச்சானது என்பதையே காட்டுகிறது. அதைக் கண்டு போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை.

குறை என்று வந்தால், அது அச்சடிக்கும்போது நேர்ந்ததா, புழக்கத்தில் நேர்ந்ததா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சில் வெடிப்பு விழுந்தால், நாணய உலோகம் அதற்குள் புகுந்து நாணயத்தின் பரப்பில் புடைத்த கோடாக எழும். பிற்பாடு விழுந்த கீறல் பள்ளமாகவே இருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாக விழச் செய்து உருப்பெருக்கியில் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அடித்த நாணயம் வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையின் (உருவம் பதியாத வெற்று உலோகத் தட்டின்) ஒரு பக்கத்தில் அதே உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். சேகரிப்போர் பெரிதும் விரும்பும் பிழை இது. ஆகவே ஏமாற்றும் இதில்தான் அதிகம். இரண்டு நாணயங்களைப் பட்டறை இடுக்கியில் வைத்து நெரித்தால் ஏறத்தாழ இதே தோற்றம் கிடைத்துவிடும். ஆனால், அப்படிச் செய்ததில் பழைய உருவத்தின் மிச்சம் அடியில் தென்படும், மறுபக்கமும் நசுங்கியிருக்கும். உண்மையான பிழையில் மறுபக்கம் பெரும்பாலும் ஒழுங்காகவே பதிந்திருக்கும்.

வடிவ மாற்றத்தைப் பிழையாகக் கருதுவது மற்றொரு தவறு. பத்து ரூபாய் நாணயத்தில் 10 கோடுகள் உள்ளதும் 15 கோடுகள் உள்ளதும் செல்லும் என ரிசர்வ் வங்கியே விளக்கியிருக்கிறது. நடுவட்டம் திரும்பியிருக்கும் பத்து ரூபாயை வாங்குமுன், உள்வட்டமும் வெளிவளையமும் சேரும் விளிம்பில் பெயர்த்தெடுத்த தடயம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.