பரோக் பாணிப் பூக்குவளை: கடலோர வீட்டில் ஆயில் கலரில் வரைவது

எல்லாப் பூவையும் பறித்து ஒரே குவளையில் செருகி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் படம் முடியாது. மண்டபம், பாம்பன் பக்கம் மணலில் படரும் அடம்பம்பூ வெயில் ஏறினால் சுருங்கிவிடும். பூவரசம்பூ மஞ்சளாகப் பூத்து, வாடும்போது செம்மை ஏறும். பரோக் பாணியில், அதாவது இருண்ட பின்னணியில் ஒளி விழும் பூக்களை வரைந்த பழைய டச்சு ஓவியர்களுக்கும் இதே தொல்லைதான். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள யான் வான் ஹைசுமின் சுடுமண் ஜாடிப் படத்தில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் குறித்திருக்கிறது. பூத்தபோது பூத்ததை வரைந்து சேர்த்தார்கள். நீங்களும் ஒரு நாளைக்கு ஒரு பூ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேன்வாஸ் வேண்டாம், ஈரக்காற்றில் தொய்யும், வெயிலில் விறைக்கும், பெயிண்ட் வெடிக்கும். 12க்கு 16 அங்குல பிளைவுட் எடுத்து, ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) மூன்று கோட் அடித்து, இடையிடையே உப்புத்தாள் போடுங்கள். பின்பக்கமும் ஓரமும் பூசாவிட்டால் பலகை வளையும்.

பின்னணிக்கு பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) 2 பங்கு, அல்ட்ராமரின் (நீலம்) 1 பங்கு. டியூப் கறுப்பு உயிரில்லாமல் நிற்கும். வெளிச்சம் இடப்பக்க ஜன்னல் ஒன்றிலிருந்து மட்டும். வெளிர் பூக்கள் நடுவில், அடர்நிறப் பூக்கள் ஓரத்தில். ஓரத்துப் பூக்கள் பாதி இருட்டில் மறைந்தால்தான் பரோக்.

செம்பருத்தியில்தான் பொறுமை வேண்டும். முதலில் சிவப்பும் வெள்ளையும் கலந்து, ஒளியும் நிழலும் உள்ள வெளிறிய பூவாக முழுசாக வரையுங்கள். நரம்புகள் அடியிலிருந்து விளிம்புக்கு விரியும். பிரஷும் அப்படியே ஓடட்டும். ஒரு வாரமாவது காயவிட்டு, குவினாக்ரிடோன் என்ற ஒளி ஊடுருவும் சிவப்பை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து மெல்லிசாகப் பூசி, இதழின் மேடுகளில் துணியால் ஒற்றி எடுங்கள். அடியிலுள்ள வெளிச்சம் ஊடுருவி வரும். ஒரேயடியாகக் கெட்டிச் சிவப்பை அப்பினால் பிளாஸ்டிக் பூதான். அடி அடுக்கில் டர்பன்டைன் கூடுதல், மேலே போகப்போக எண்ணெய் கூடுதல். இது தலைகீழானால் மேலடுக்கு முந்திக் காய்ந்து, விரிசல் விடும்.

இலைக்கு யெல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) அல்ட்ராமரினும் போதும். பழைய படங்கள் சிலவற்றில் இலை நீலமாகத் தெரிவது, மஞ்சள் சாயம் வெளுத்ததால்தான்.

மேசையோரம் ஒரு சங்கு வையுங்கள். டச்சு ஓவியர் பால்தசார் வான் டெர் ஆஸ்ட் தூரதேசத்துச் சிப்பிகளை வைத்தார். நமக்குக் கீழக்கரையிலேயே கிடைக்கும், தேடி அலைய வேண்டியதில்லை. சங்கின் நிழலில் வெறும் சாம்பலுக்குப் பதில் பக்கத்துப் பூவின் நிறத்தைக் கொஞ்சம் சேருங்கள்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மணல் வந்து ஒட்டினால், பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், கோடு விழும். காய்ந்தபின் ஊசி நுனியால் எடுக்கலாம். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து. அது ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் தள்ளிப்போடுங்கள்; மழை ஈரத்தில் வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும்.