தூப வாசனை பெர்ஃப்யூமை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரமும் தூபமும் சேர்ந்த பெர்ஃப்யூம்களைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான். புகை வாசனையே இல்லை, ஏதோ பைன் மர பினாயில் மாதிரி இருக்கிறது என்பது ஒன்று. அரை மணி நேரத்தில் காணாமல் போய்விட்டது என்பது இன்னொன்று. இரண்டிலுமே குறை பாட்டிலில் இருப்பதைவிட, முகர்ந்து பார்த்த விதத்தில் இருப்பதுதான் அதிகம். இவை பெரும்பாலும் நிஷ் வகை, அதாவது பெருஞ்சந்தைக்கு அல்லாமல் தனி ரசனைக்காரர்களுக்கென்று தயாராகுபவை. விலை கொஞ்சநஞ்சமில்லை. அவசரப்பட்டு நல்ல ஒன்றை ஒதுக்கிவிடுவதும், ஒத்துவராததை வாங்கிவிட்டு அலமாரியில் போட்டு வைப்பதும் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

ஜப்பானிய ஃபேஷன் நிறுவனமான கோம் தே கார்சோன் 2002இல் வெளியிட்ட தூப வரிசையையே எடுத்துக்கொள்வோம். அவிஞான், கியோட்டோ, ஜெய்சால்மர் என்று ஊர்ப் பெயர்கள் தாங்கிய ஐந்து பெர்ஃப்யூம்கள். அவிஞான் கத்தோலிக்கத் தேவாலயத்தின் தூபத்தை நினைவூட்டும். கியோட்டோ ஜப்பானியக் கோயிலை. இரண்டையும் உருவாக்கியவர் பெர்த்ரான் துஷோஃபூர். இந்த வகைக்குள் நுழைகிறவர்களுக்கு இன்றும் நான் சொல்லும் முதல் பெயர்கள் இவை இரண்டும்தான்.

நம் ஊர்க்காரர்கள் இவற்றிடம் வீட்டுச் சாம்பிராணியைத் தேடுவார்கள். ஏமாற்றம் அங்கேயே தொடங்கிவிடும். நாம் சாம்பிராணி என்று தணலில் போடுவது பெரும்பாலும் ஸ்டைராக்ஸ் மரப் பிசின். அதில் வெனிலா சாயலில் ஓர் இனிப்பு உண்டு. மேலைநாட்டு பெர்ஃப்யூமில் தூபம் என்று குறிப்பிடுவது பொதுவாக ஓமான், சோமாலியா பக்கம் விளையும் பாஸ்வெல்லியா மரப் பிசினை, அதாவது குந்திரிக்கத்தை. அதை எரித்து வாசனை எடுப்பதில்லை. நீராவியில் வடித்து எண்ணெயாக எடுக்கிறார்கள். ஆவியோடு ஏறி வருவது லேசான மூலக்கூறுகள் மட்டுமே. ஆல்ஃபா பைனீன், லிமோனீன் போன்றவை அவற்றில் முக்கியமானவை. பைன் மரத்திலும் எலுமிச்சைத் தோலிலும் இருப்பவையும் இவையே. அதனால்தான் தூப பெர்ஃப்யூம் முதலில் குளிர்ச்சியாக, மிளகும் எலுமிச்சையும் கலந்த பச்சை வாசனையாக வரும். புகை வேண்டுமென்றால் அதை பெர்ஃப்யூமர் வேறு பொருள்களால் தனியாகக் கட்டியெழுப்ப வேண்டும். எல்லா பெர்ஃப்யூமரும் அதை விரும்புவதில்லை. இது தெரிந்துவிட்டால் பினாயில் புகார் பாதி குறைந்துவிடும்.

நோட்ஸ் பட்டியலை, அதாவது பெர்ஃப்யூமில் என்னென்ன வாசனை தெரியும் என்று நிறுவனம் தரும் பட்டியலை, சேர்மானப் பட்டியலாக எடுத்துக்கொள்வதும் இதே குழப்பம்தான். கியோட்டோவில் காபி, தேக்கு, வெட்டிவேர், சீடார் என்றெல்லாம் போட்டிருக்கும். தேக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருளில்லை. அந்த நினைப்பை எழுப்பும்படி கலந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பட்டியலை மட்டும் படித்துவிட்டு முழு பாட்டில் வாங்காதீர்கள்.

அடுத்தது, முதல் பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்வது. கியோட்டோவை மணிக்கட்டில் அடித்ததும் ஆல்கஹால் நெடியோடு சைப்ரஸ் மரத்தின் பச்சை வாசனைதான் முன்னால் நிற்கும். கொஞ்சம் பொறுத்தால் தூபம் தெளிவாகும். அதற்கும் அடியில், தேடினால் மட்டுமே அகப்படும் வறுத்த காபியின் கசப்பு. அப்புறம் சில மணி நேரம் கழித்துத் தோலில் மிச்சமிருப்பது காய்ந்த சீடாரும் வெட்டிவேரும். இந்தக் கடைசிப் பகுதியோடுதான் நீங்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கப் போகிறீர்கள். அதைப் பார்க்காமல் வாங்குவதும் தவறு, வேண்டாம் என்பதும் தவறு.

இரண்டாவது புகாருக்கு வருவோம். வாசனை போய்விட்டது என்று நினைக்கும்போது பல நேரம் போயிருப்பது வாசனையல்ல, மூக்கின் கவனம். தொடர்ந்து வரும் எந்த வாசனையையும் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகி ஒதுக்கிவிடும். மர வகை பெர்ஃப்யூம்களில் இது இன்னும் கடுமை. காரணம், அவற்றில் தாராளமாகச் சேர்க்கப்படும் ஐஸோ இ சூப்பர் போன்ற செயற்கைப் பொருள்கள். ஐஸோ இ சூப்பர் மென்மையான சீடார் வாசனை கொண்டது. சிலருக்கு அது வந்து வந்து மறையும், சிலருக்குத் தெரியவே தெரியாது. 2006இல் கெஸா ஷோன் உருவாக்கிய மாலிக்யூல் 01 என்ற பெர்ஃப்யூமில் வாசனைப் பொருள் என்று இருப்பதே இது ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டவர் ஒன்றும் தெரியவில்லை என்பார். பக்கத்தில் இருப்பவர் என்ன சென்ட் என்று கேட்பார். ஆகவே, தெரியவில்லையே என்று மேலும் மேலும் அடிக்காதீர்கள். லிஃப்டில் உங்களோடு வருகிறவர் பாவம். வெளியே போய் நல்ல காற்றில் சிறிது நேரம் இருந்துவிட்டு வந்து பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். மணிக்கட்டில் மூக்கை ஒட்டவைத்து இழுப்பதும் மூக்கைச் சீக்கிரம் களைப்பாக்கும். ஒரு சாண் தள்ளி வைத்தே முகருங்கள்.

கடையில் ஒரே மூச்சில் ஏழெட்டு பெர்ஃப்யூம்களை முகர்ந்தால் எதுவும் மனதில் நிற்காது. மூக்கைத் தெளிவாக்கும் என்று இடையிடையே காபிக்கொட்டை நீட்டுவார்கள். அதைவிடச் சாதாரணக் காற்றே போதும். காகிதப் பட்டையில் பார்ப்பது எது வேண்டாம் என்று கழிக்க மட்டும் உதவும். உடம்புச் சூடு இல்லாத காகிதத்தில் வாசனை மெதுவாகத்தான் நகரும். ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்துக் கைக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மணிக்கட்டுகளைத் தேய்த்தால் மூலக்கூறு உடையும் என்பார்கள். அப்படி எதுவும் உடையாது. தேய்க்கும் சூட்டில் முதல் வாசனை சீக்கிரம் பறந்துவிடும், அவ்வளவே. தூப வகையில் அந்த முதல் வாசனையும் ஓர் அழகு என்பதால், தேய்க்காமல் விடுவது நல்லது.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் விமர்சனத்தை நம் வெயிலுக்கு அப்படியே பொருத்துவதும் சரிவராது. சூட்டில் வாசனை வேகமாக ஆவியாகும். தொடக்கம் பெரிதாக எழுந்து சீக்கிரம் சுருங்கும். சென்னை மே மாதத்தில் இரண்டு ஸ்ப்ரே போதும். மார்கழியில் நாலு தாங்கும். தலையில் மல்லிகைப்பூவோ, வாசனைத் தேங்காயெண்ணெயோ, சந்தன சோப்போ இருக்கும் நாளில் புதுப் பெர்ஃப்யூமைச் சோதிக்க வேண்டாம். எது எதன் வாசனை என்று பிரிக்க முடியாது.

முழு பாட்டிலுக்கு முன் 2 மில்லி சாம்பிள் வாங்குங்கள். ஒரு வெயில் நாள், ஒரு மழை நாள், ஏசியில் உட்காரும் ஒரு நாள் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க அது தாராளம். ஒருமுறை பருத்திக் கைக்குட்டையிலும் அடித்து வையுங்கள். தோலில் தப்பிப்போன அடிவாசனை மறுநாள் காலையிலும் அதில் இருக்கும். பட்டிலும் வெள்ளைச் சட்டையிலும் மட்டும் நேரடியாக அடிக்க வேண்டாம். பிசின் சேர்ந்த அடர்நிறத் திரவம் கறை விட்டுவிடும்.