டேப் டிரைவ் வாங்கும் முன் கணக்கில் விட்டுப்போகும் செலவுகள்

கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவர் பெட்டி நிறைய எல்டிஓ-6 டேப்புகளோடு என்னிடம் வந்தார். எல்டிஓ என்பது கம்ப்யூட்டர் டேட்டாவைச் சேமித்து வைக்கும் காந்த நாடா வகை, பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. டேப்பில் எழுதவும் படிக்கவும் வைத்திருந்த பழைய டிரைவ் பழுதாகிவிட்டதால் புதிதாக எல்டிஓ-8 டிரைவ் வாங்கியிருந்தார். அது ஒரு டேப்பையும் படிக்கவில்லை. டேப்புகளில் குறையே இல்லை. எல்டிஓ-7 வரை வந்த டிரைவ்கள் இரண்டு தலைமுறை பழைய டேப்பையும் படித்தன. எல்டிஓ-8 படிப்பது 7-ஐயும் 8-ஐயும் மட்டும்தான். பெங்களூரில் எல்டிஓ-7 டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் மீட்டோம். அந்தச் செலவு அவர் போட்ட கணக்கில் இல்லை.

பலர் டேப்பின் விலையைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். டேப் ஆயிரங்களில் கிடைக்கும், டிரைவ் லட்சங்களில் வரும். கூடவே டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாஸ் கார்டு, டிரைவைச் சுத்தம் செய்யும் கிளீனிங் கேட்ரிட்ஜ், மென்பொருள் எல்லாம் வேண்டும். கணக்கு வழக்கும் பில்லுமாக 2 டெராபைட் வைத்திருக்கும் மாங்கூழ் ஆலைக்கு இது வேண்டவே வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மாற்றி மாற்றி எழுதி, ஒன்றை வேறு இடத்தில் வைத்தால் போதும். 50 டெராபைட்டைத் தாண்டி வருடாவருடம் ஏறிக்கொண்டே போகும் இடத்தில்தான் டேப்புக்குப் போட்ட பணம் திரும்பும் என்பது என் கருத்து.

எல்டிஓ-8 டேப்பின் மேல் 30 டெராபைட் என்று போட்டிருக்கும். அது சுருக்கி எழுதினால் கிடைக்கும் அளவு. வீடியோவும் ஜேபெக் படமும் ஏற்கெனவே சுருங்கியவை. ஆகவே சுருக்காமல் எழுதும் அளவான 12 டெராபைட் என்றே கணக்கு வையுங்கள்.

அதிகம் கெடுவது வேகத்தில்தான். டிரைவ் கேட்கும் வேகத்துக்கு டேட்டா வராவிட்டால் டேப் நிற்கும், பின்னால் உருளும், மறுபடி ஓடும். இப்படியே இரவு முழுக்க நடந்தால் டேப்பும் தேயும், டிரைவுக்குள் டேப்பை எழுதிப் படிக்கும் ஹெட்டும் தேயும். நொடிக்கு 300 மெகாபைட் கொடுத்தால் 12 டெராபைட் சுமார் 11 மணி நேரத்தில் எழுதி முடியும். சாதாரண கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 தான் வரும். 30 மணி நேரம் ஆகும். ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் என்றால் இன்னும் மோசம். அவற்றை முதலில் அதே கம்ப்யூட்டரில் உள்ள வேகமான டிஸ்க்கில் ஒரே பெரிய கோப்பாகக் கட்டி, பிறகு டேப்புக்கு அனுப்புங்கள்.

டேப் 30 வருடம் தாங்கும் என்கிறார்களே என்றால், அது 16 முதல் 25 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாத அறையில் வைத்தால். தர்மபுரி சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் பீரோவுக்கு அது பொருந்தாது. கிரானைட் அறுக்கும் பட்டறையை ஒட்டிய ஆபீஸில் டிரைவையே வைக்காதீர்கள். அந்தத் தூள் ஹெட்டுக்கு எமன். வெயிலில் காரில் வந்த டேப்பை உடனே டிரைவில் போடாமல் ஒரு நாள் ஏசி அறையில் ஆறவிடுங்கள்.

எழுதி முடித்ததும் ‘ஓகே’ என்று திரையில் வந்ததை நம்பி டேப்பைப் பூட்டி வைப்பதும் தவறு. அந்த ஸ்டூடியோக்காரர் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கல்யாணத்தை டேப்பிலிருந்து வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, முகூர்த்தம் வரை ஓடவிட்டுப் பார்க்கிறார். இரண்டாவது பிரதி ஓசூரில் தம்பி வீட்டில் இருக்கிறது.